சுத்தி செய்த மூலிகை எப்போது பாதுகாப்பானது?

மூலிகை மருந்து பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் கட்டாயம் எழும். "இயற்கையானதுதானே, ஒன்றும் செய்யாது" என்பது ஒன்று. சில மூலிகைகளில் கடும் நஞ்சு இருக்கிறதே என்று கேட்டால், "முறைப்படி சுத்தி செய்துதான் கொடுக்கிறார்கள்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொரு குரல் நேர் எதிரானது. பாலில் வேகவைப்பதும் கோமூத்திரத்தில் ஊறவைப்பதும் வெறும் சடங்கு, அதில் அறிவியல் கிடையாது என்று அது சொல்லும்.

இரண்டு தரப்பும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. சுத்தியை ஒரே ஒரு செயலாக எண்ணி, ஒருவர் முழுதாக நம்புகிறார், மற்றவர் முழுதாகத் தள்ளுகிறார். மூலிகையை மருந்தில் சேர்க்கும் முன் அதன் நஞ்சையும் கெடுதலையும் குறைக்கச் செய்யும் பக்குவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து சித்த மருத்துவம் வைத்த பெயர் சுத்தி. ஆயுர்வேதத்தில் இதைச் சோதனம் என்பார்கள், சீன மருத்துவத்தில் பாவோழி என்பார்கள். ஊறவைத்தல், வேகவைத்தல், வறுத்தல், தோல் சீவுதல், எண்ணெய் பிழிதல், உலர்த்துதல், மாதக்கணக்கில் இருப்பு வைத்தல் என்று அதற்குள் பல வேலைகள் அடங்கும். இவற்றில் சில, நஞ்சை ஆயிரம் மடங்குக்கு மேல் தணிக்கின்றன. சில, நஞ்சைத் தொடுவதுகூட இல்லை. சில வேளைகளில், முன்பு இல்லாத நஞ்சைப் பக்குவமே உண்டாக்கிவிடுகிறது. எந்த மூலிகையில் எது நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், இந்த விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ராஜ்மாவில் தொடங்குவோம்

சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக நான்கைந்து கொட்டை தின்றாலே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அதிலுள்ள லெக்டின் என்ற வகைப் புரதம்தான் காரணம். அதனால்தான் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்கிறார்கள். கொதிநிலையின் சூட்டில் அந்தப் புரதத்தின் மடிப்புகள் குலைந்து, அது செயலிழந்துவிடும்.

அதே ராஜ்மாவை மின்சார மெதுசமையல் பாத்திரத்தில் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே மணிக்கணக்கில் வைத்திருந்தால் என்ன ஆகும்? கொட்டை வெந்து மெத்தென்று இருக்கும், நஞ்சு மட்டும் போயிருக்காது. பச்சைக் கொட்டையைவிடவும் நச்சுத்தன்மை கூடியிருக்க வாய்ப்புண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் வெந்த ராஜ்மாதான். "வேகவைத்தது" என்று மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது. நஞ்சு எது, அதை எந்தச் சூடு உடைக்கும், எவ்வளவு நேரம், ஊறிய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது. மூலிகைகளிடமும் இதே கேள்விகளைத்தான் கேட்கப்போகிறோம்.

நஞ்சு என்றால் எந்த நஞ்சு?

செடிகள் பூச்சியிடமிருந்தும் மேயும் விலங்குகளிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள விதவிதமான வேதிப்பொருள்களைத் தயாரிக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒரு வகை அல்கலாய்டு. நைட்ரஜன் அடங்கிய, பெரும்பாலும் கசப்பான, மிகச் சிறிய அளவிலேயே நரம்பையோ இதயத்தையோ பாதிக்கக்கூடிய சேர்மங்கள் இவை. காப்பியில் இருக்கும் காஃபீன், புகையிலையின் நிகோட்டின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அல்கலாய்டுகள் தவிர, நச்சுப் புரதங்கள், நச்சு எண்ணெய்கள், நச்சு அமிலங்களும் உண்டு.

சுத்தி பலிக்குமா என்பது அந்தச் சேர்மத்தின் குணத்தைப் பொறுத்தது. நீரில் கரையும் என்றால் ஊறவைத்துக் கழுவலாம். கொழுப்பில் கரையும் என்றால் தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் அதிகம் போகாது, எண்ணெயைப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். சூட்டில் உடையும் என்றால் கொதிக்கவைக்கலாம். தோலிலோ முளையிலோ மட்டும் குவிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியலாம். இந்த நான்கில் எதற்கும் அகப்படாத நஞ்சுகளும் இருக்கின்றன. அவைதான் உண்மையான சிக்கல், பின்னால் வருகிறேன்.

நாபி: கொதிநீர் செய்யும் வேலை

சுத்தியின் வெற்றியையும் தோல்வியையும் ஒரே மூலிகையில் பார்க்க வேண்டுமென்றால் நாபிதான். வத்சநாபி என்றும் சொல்வார்கள். இமயமலைப் பகுதியிலும் சீனாவிலும் விளையும் இதன் கிழங்கு, வலி மருந்துகளிலும் காய்ச்சல் மருந்துகளிலும் வெகுகாலமாக இடம்பெற்றுவருகிறது. இதிலுள்ள அகோனைட்டின் என்ற அல்கலாய்டு 2 மில்லிகிராம் அளவிலேயே ஒரு மனிதரைக் கொல்லக்கூடும்.

நரம்பு செல்களிலும் இதயத் தசை செல்களிலும் சோடியம் அயனிகள் உள்ளே வருவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை கணநேரம் திறந்து மூடினால்தான் நரம்புச் செய்தி ஒழுங்காகப் போகும், இதயம் சீராகத் துடிக்கும். அகோனைட்டின் அந்த வாயில்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை மூடவிடாமல் செய்கிறது. முதலில் நாக்கும் உதடும் சுறுசுறுத்து மரத்துப்போகும். அப்புறம் வாந்தி, கை கால் தளர்ச்சி, கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இந்த அகோனைட்டினுக்கு ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. அதன் மூலக்கூறில் எஸ்டர் பிணைப்புகள் இரண்டு உள்ளன. எஸ்டர் பிணைப்பு என்பது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேரும்போது உண்டாகும் இணைப்பு. வெந்நீரில் நீண்ட நேரம் கிடந்தால் நீர் மூலக்கூறு உள்ளே புகுந்து இந்த இணைப்பை அறுத்துவிடும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். முதல் பிணைப்பு அறுந்தால் கிடைக்கும் சேர்மம் அகோனைட்டினைவிடச் சில நூறு மடங்கு வீரியம் குறைந்தது. இரண்டாவதும் அறுந்தால் வீரியம் ஆயிரம் மடங்குக்கு மேல் இறங்கிவிடும். கிழங்கு அதேதான், பாத்திரத்திலிருந்து எதையும் வெளியே எடுக்கக்கூட இல்லை. நஞ்சு அங்கேயே வேறு பொருளாக மாறிவிட்டது.

இப்போது பழைய முறைகளைப் பாருங்கள். நம் மருத்துவ மரபுகளில் நாபியைக் கோமூத்திரத்தில் நாள்கணக்கில் ஊறவைத்து, பாலில் வேகவைத்து, கழுவி உலர்த்துவார்கள். சீன முறையில் உப்புக் கரைசலிலோ நீரிலோ ஊறவைத்து, நடுவில் வெள்ளைத் திட்டு இல்லாமல் வேகும்வரை கொதிக்கவிடுவார்கள். நாவில் வைத்தால் லேசாக மட்டும் மரத்துப்போகும் நிலைதான் அங்கே பக்குவத்தின் அடையாளம். ஊறும்போது கொஞ்சம் அல்கலாய்டு திரவத்தில் இறங்குகிறது. கோமூத்திரம் கிடக்கக் கிடக்க, அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறிக் காரத்தன்மை கூடும். எஸ்டர் பிணைப்பு காரத்தில் எளிதாக அறும். பாலின் கொழுப்பும் புரதமும் அல்கலாய்டைத் தங்களிடம் இழுத்துக்கொள்ளும், அந்தப் பாலைக் கொட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், நீண்ட கொதி நீராற்பகுப்பை நடத்திவிடுகிறது. இதைச் சடங்கு என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. மூலக்கூறு என்றால் என்னவென்று தெரியாத காலத்தில், நாக்கையும் கண்ணையும் மட்டும் கருவியாக வைத்துக்கொண்டு எட்டிய முடிவு இது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஆனால் இதே கிழங்கால் இன்றும் மனிதர்கள் இறக்கிறார்கள். சீனாவில் நாபி நச்சுக்கு ஒரு முக்கியக் காரணம், வீட்டில் கிழங்கை மதுவில் ஊறவைத்துக் குடிப்பது. ஆல்கஹால் அகோனைட்டினை நன்றாகக் கரைத்து இழுக்கும், ஆனால் கொதி இல்லாததால் பிணைப்பு அறுவதில்லை. நஞ்சு முழு வீரியத்தோடு கோப்பைக்குள் வந்துவிடுகிறது. ஹாங்காங்கில் பதிவான பல நிகழ்வுகளில், சுத்தி சரியாகச் செய்யப்படாத கிழங்கும் போதிய நேரம் கொதிக்காத கஷாயமும் காரணமாக இருந்தன. மூலிகையும் மரபும் ஒன்றுதான். ஊடகமும் நேரமும் மாறியதும், மருந்து கொலைகாரனாகிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: நாபியின் நஞ்சு எஸ்டர் பிணைப்பில் இருக்கிறது. நீரும் சூடும் போதிய நேரமும் சேர்ந்தால் அது அறும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சுத்தி அரைகுறைதான்.

எட்டிக்கொட்டை: குறையும், தீராது

எட்டிக்கொட்டையின் நஞ்சு ஸ்ட்ரிக்னின். முதுகுத் தண்டில் தசைகளை அடக்கிவைக்கும் சமிக்ஞை ஒன்று உண்டு, அதைத் தடுத்துவிடும். கடிவாளம் போன தசைகள் வில்லாக வளைந்து இழுக்கும். நினைவு தப்பாமலேயே இந்த வலிப்பு வரும் என்பதுதான் இதன் கொடுமை.

ஸ்ட்ரிக்னின் அகோனைட்டின் போலச் சுலபமாக உடையாது. வெறும் கொதிநீர் அதன் அமைப்பைப் பெரிதாக மாற்றாது. அதனால் சுத்தி முறையும் வேறாக அமைந்தது. திரவத்தில் ஊறவைத்துக் கொஞ்சத்தை வெளியே இழுப்பது, மேல்தோலையும் உள்முளையையும் நீக்குவது, பிறகு நெய்யில் வறுப்பது நம் பக்கத்து முறை. சீனாவில் சூடேறிய மணலில் போட்டு, கொட்டை உப்பிப் பழுப்பாகும்வரை வறுப்பார்கள். மணலின் சூடு 200 டிகிரியைத் தாண்டும்போது ஸ்ட்ரிக்னினில் ஒரு பகுதி ஐசோஸ்ட்ரிக்னின் போன்ற வீரியம் குறைந்த வடிவங்களுக்கு மாறுகிறது.

'ஒரு பகுதி' என்பதைக் கவனியுங்கள். சுத்தி செய்த எட்டிக்கொட்டையிலும் ஸ்ட்ரிக்னின் இருக்கும். மருந்தாக வேலை செய்வதற்கும் அது தேவை என்றுதான் மரபு கருதுகிறது. குணம் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையிலான தூரம் மிகக் குறுகியது. அதனால் சுத்தி இங்கே நஞ்சை நீக்குவதில்லை, இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கிக் கொடுக்கிறது. அதற்குள் அளவோடு நிற்க வேண்டியது கொடுப்பவர் பொறுப்பு. "சுத்தி செய்ததுதானே" என்று இரண்டு மடங்கு விழுங்கினால் எந்த வறுவலும் காப்பாற்றாது.

பிழிவது, சீவுவது, நீக்குவது

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்ற வழக்கைக் கேட்டிருப்பீர்கள். சுக்கின் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட வேண்டும் என்பது பொருள். இவை இரண்டும் நாபி போன்ற கொடிய நஞ்சு கொண்டவை அல்ல. ஆனாலும் வழக்குக்குள் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது: ஒரு செடியின் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. மண்ணுக்குள் விளைந்த கிழங்கின் தோலில் மண்ணும் பூசணமும் நுண்ணுயிரிகளும் ஒட்டியிருக்கும் என்பதால், தோல் சீவுவதால் இன்றைய கண்ணோட்டத்திலும் நன்மை உண்டு.

உண்மையாகவே உயிர்காக்கும் நீக்கல் வேலையை நேர்வாளத்தில் பார்க்கலாம். கடும் பேதி மருந்தான இந்த விதைக்குள் இரண்டு வேறு நஞ்சுகள் குடியிருக்கின்றன. குரோட்டின் என்பது புரதம். கொதித்தால் ராஜ்மாவின் லெக்டின் போல அது செயலிழக்கும். போர்பால் எஸ்டர்கள் என்ற மற்றொன்று எண்ணெயில் கரைந்திருக்கும், தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும். எலிகளின் தோலில் நடந்த புகழ்பெற்ற ஆய்வுகளில், ஏற்கெனவே விதைக்கப்பட்ட புற்றுநோயை வளரத் தூண்டும் பொருளாக இது அறியப்பட்டது. கொதிநீர் இதை அதிகம் அசைக்காது. இந்த விதைக்கு மரபு சொல்லும் சுத்தியோ தோலையும் முளையையும் நீக்கி, வேகவைத்து, கடைசியில் எண்ணெயையும் ஒற்றி எடுத்துவிடச் சொல்கிறது. வேகவைப்பது ஒரு நஞ்சுக்கு, எண்ணெய் எடுப்பது மற்றொன்றுக்கு. "நேரமில்லை, வேகவைத்ததே போதும்" என்று யாராவது கடைசிப் படியை விட்டால், பாதி நஞ்சு அப்படியே இருக்கும்.

சேராங்கொட்டைக்கும் இதே கதைதான். கையில் பட்டாலே புண்ணாக்கும் அதன் எண்ணெயை, கொட்டையைச் செங்கல் தூளில் புரட்டித் தேய்த்து உறிஞ்ச வைத்து, பிறகு கழுவுவார்கள். செங்கல் தூளுக்கு மந்திரம் எதுவும் இல்லை. நுண்துளைகள் நிறைந்த அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வரிசை மாறினால் விளைவும் மாறும்

கசப்பு வாதுமைக் கொட்டையிலும் பாதாமி விதையிலும் அமிக்டலின் என்றொரு பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. அதே விதைக்குள் வேறு அறையில் ஒரு நொதி காத்திருக்கிறது. நொதி என்பது ஒரு வேதிமாற்றத்தை விரைவாக்கும் புரதம். விதையை நசுக்கி ஈரப்படுத்தினால் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும்.

சீன மருத்துவத்தில் இருமலுக்குப் பயன்படும் பாதாமி விதையை நசுக்குவதற்கு முன்பே முழுதாகக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுப்பார்கள். தோல் கழன்றுவிடும், நொதியும் செத்துவிடும். அதன் பிறகு நசுக்கினாலும் சயனைடு ஒரேயடியாக வெளிவராது. குடலிலுள்ள நுண்ணுயிரிகள் கொஞ்சம் விடுவிக்கக்கூடும் என்பதால் அளவு அப்போதும் முக்கியம். கசப்பு மரவள்ளியில் செய்வது நேர் எதிர். முதலில் துருவி நசுக்கி ஊறவைத்து, நொதியை முழுவேகத்தில் வேலை செய்யவிட்டு, சயனைடு வெளியேறிய பிறகே வேகவைப்பார்கள். ஒன்றில் நொதியைக் கொல்வது பாதுகாப்பு, மற்றொன்றில் நொதியை உசுப்பிவிடுவது பாதுகாப்பு. படிகளை மாற்றிச் செய்தால் இரண்டுமே ஆபத்தாகிவிடும். பரம்பரைச் செய்முறையில் "இதற்கு முன் இது" என்று பிடிவாதமாகச் சொல்லியிருக்கும் இடங்களை, அவசரத்துக்காக மாற்றாமல் இருப்பது நல்லது.

காத்திருத்தலும் ஒரு சுத்திதான். மலமிளக்கியாகப் பயன்படும் ஐரோப்பிய ஃபிராங்குலா, வட அமெரிக்கக் கேஸ்கரா ஆகிய மரப்பட்டைகளை உரித்ததும் பயன்படுத்தினால் வாந்தியும் வயிற்றைப் பிடுங்கும் வலியும் வரும். ஓராண்டு இருப்பு வைத்தாலோ முறைப்படி சூடேற்றினாலோ, காற்றின் ஆக்சிஜன் அந்தக் கடுமையான சேர்மங்களைச் சாந்தமான வடிவத்துக்கு மாற்றிவிடும். மருந்துகளின் தரத்தை வகுக்கும் அதிகாரப்பூர்வ நூல்களான மருந்தேடுகளும் இதை ஏற்றுக்கொண்டு விதியாகவே வைத்திருக்கின்றன.

எதற்கும் மசியாத நஞ்சுகள்

ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா என்ற தாவர இனத்தைச் சேர்ந்தவை. இந்த இனத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. இது சிறுநீரகத்தை மெல்லமெல்லச் சுருங்க வைக்கிறது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்த முதல் பிரிவில் இது இருக்கிறது.

சூடு இதை என்ன செய்யும்? பால்கன் பகுதியில் தன்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய கிராமங்களில் ஒரு விசித்திரமான சிறுநீரக நோய் 1950களில் விவரிக்கப்பட்டது. காரணம் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவின் விதைகள் தானியத்தோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தன. அடுப்பில் சுட்ட ரொட்டியிலும் அந்த அமிலம் தாக்குப்பிடித்தது. சீன மருத்துவத்தில் இந்த இன மூலிகைகளைத் தேனில் வறுப்பது போன்ற பக்குவங்கள் உண்டு. அவை அளவைக் கொஞ்சம் குறைக்கும், தீர்க்காது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் எடை குறைப்பு மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டதால் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பெரும்பாலும் பெண்கள். பலருக்கு டயாலிசிஸும் மாற்று அறுவைசிகிச்சையும் தேவைப்பட்டன.

இன்னும் இரண்டை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். செங்காந்தள் கிழங்கின் கொல்கிசின் என்ற நச்சு அல்கலாய்டு சமைத்தாலும் பெரிதாகக் குறையாது. இலங்கையில் அதை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. காம்ஃப்ரே, ஹீலியோட்ரோப் போன்ற செடிகளில் இருக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் கல்லீரலின் நுண்ணிய ரத்தநாளங்களை அடைத்துவிடும். 1970களில் ஆப்கானிஸ்தானில் இந்த வகை விதை கலந்த கோதுமையால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அங்கேயும் நஞ்சு ரொட்டி வழியாகத்தான் வந்தது.

இங்கே நிதானமாக யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாபி, எட்டி, நேர்வாளம் ஆகியவற்றில் தவறு நடந்தால் சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். நாக்கு மரக்கும், தசை இழுக்கும், வயிறு போகும். எந்தப் பக்குவம் உதவியது, எது உதவவில்லை என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. மரபு அறிவு அசாத்தியமாகக் கூர்மையடைந்தது இந்த உடனடி நஞ்சுகளிடம்தான். இன்று தின்றதற்குப் பத்து ஆண்டு கழித்துச் சிறுநீரகம் செயலிழந்தால், அந்தச் செடியை யார் சந்தேகிப்பார்கள்? மெதுவாகக் கொல்லும் நஞ்சு அனுபவத்தின் கண்ணில் படாது. "காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்ற வாதம் நாபியைப் பற்றியானால் ஓரளவு பொருந்தும், ஆடுதீண்டாப்பாளைக்குப் பொருந்தவே பொருந்தாது. முன்னோர் அறிவில் குறை கண்டுபிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெறும் கண்ணால் கிருமியைப் பார்க்க முடியாதது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

பக்குவமே நஞ்சை உண்டாக்கும்போது

இனிப்புக் குளோவர் என்ற செடி மூலிகையாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்படுவது. 1920களில் வட அமெரிக்காவில் இந்த வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல், உள்ளே கசிந்து இறந்தன. நன்றாக உலர்ந்த வைக்கோல் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஈரத்தோடு அடுக்கி வைத்ததில் பூசணம் பிடித்து, செடியிலிருந்த கூமரினை டைகூமரால் என்ற ரத்த உறைவுத் தடுப்பியாக மாற்றியிருந்தது. அதைப் பிரித்தெடுத்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்விலிருந்துதான் பின்னாளில் வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வந்தது. முதலில் எலி மருந்தாக, பிறகு மனிதருக்கான மருந்தாக.

உலர்த்துவது எல்லாப் பக்குவங்களிலும் எளியது என்று நினைக்கிறோம். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஈரம் தங்கிய வேரிலும் விதையிலும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும், கொதிக்கவைத்தாலும் அழியாது. ஈரத்துக்குப் பயந்து விறகுப் புகையில் உலர்த்தினால், புகையிலுள்ள புற்றுநோய் ஊக்கிகள் மூலிகையில் படியும். பூச்சி வராமலிருக்கவும் நிறம் வெளுக்கவும் கந்தகப் புகை போட்டால் சல்ஃபர் டைஆக்சைடு தங்கும். நல்ல நோக்கத்தோடு செய்ததுதான், ஆனால் ஒரு கெடுதலை விலக்கப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்துவிடுகிறது.

உலோகம் சேர்ந்த மருந்துகள் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்றை மட்டும் சொல்லலாம். மூலக்கூறை நெருப்பு உடைக்கும், தனிமத்தை உடைக்காது. ஈயமும் பாதரசமும் எத்தனை புடம் போட்டாலும் வேறு சேர்மமாக மாறலாம், ஈயமும் பாதரசமும் இல்லாமல் போய்விடாது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன.

பக்குவம் சரியா என்று எப்படித் தெரியும்?

நிறம், மணம், உப்புதல், நாவில் உணரும் மரமரப்பு ஆகிய பழைய அடையாளங்கள் பயனற்றவை அல்ல. ஆனால் ஒரே இனக் கிழங்கிலும் விளைந்த இடம், பறித்த பருவம், வயது ஆகியவற்றால் நஞ்சின் அளவு பலமடங்கு வேறுபடும். போன முறை இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது என்பதற்காக இந்த முறையும் போதும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சோதனைக்கூடத்தில் நிறப்பிரிகை முறையில் எஞ்சியிருக்கும் நஞ்சை அளக்கிறார்கள். ஒரு கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் அளவையும் காட்டும் முறை அது. சீன மருந்தேடு, பக்குவம் செய்த நாபிக் கிழங்கில் எஞ்சும் கடும் அல்கலாய்டுகளுக்கு உச்ச அளவு வைத்திருக்கிறது. என் கருத்தில் மரபு மருத்துவத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அதன் செய்முறையை இப்படி ஒவ்வொரு தொகுப்பிலும் அளந்து காட்டுவதுதான்.

இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழான விதிகளில், இந்திய மருத்துவ முறைகளில் பயன்படும் நச்சுப் பொருள்களைப் பட்டியலிடும் இ(1) அட்டவணை இருக்கிறது. நாபி, எட்டி, நேர்வாளம், சேராங்கொட்டை, ஊமத்தை போன்றவை அதில் வருகின்றன. இவை சேர்ந்த மருந்தின் மேலுறையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். மருந்து வாங்கும்போது அந்த வரியையும், தயாரிப்பு உரிம எண்ணையும், தொகுப்பு எண்ணையும் பாருங்கள். மருத்துவரிடம், "இதில் நச்சு மூலிகை ஏதாவது இருக்கிறதா, அதற்கு என்ன சுத்தி, எஞ்சிய அளவைச் சோதித்திருக்கிறார்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். காணொளி பார்த்து நாபியையோ எட்டியையோ வீட்டில் சுத்தி செய்யும் முயற்சி மட்டும் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீரகம், கல்லீரல், இதயக் கோளாறு உள்ளவர்களும், தினசரி வேறு மருந்து எடுப்பவர்களும் இந்தப் பட்டியல் மூலிகைகளை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

மருந்து சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் நாக்கோ உதடோ மரத்தாலோ, தசை விறைத்து இழுத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ "சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். நாபி நச்சுக்குத் தனியான முறிமருந்து கிடையாது. இதயத் துடிப்பை விடாமல் கண்காணித்துச் சீராக்குவதுதான் சிகிச்சை, அதற்கு மருத்துவமனை வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே கிளம்புங்கள். மிச்சமிருக்கும் மருந்தையும், அது வந்த உறையையும், வடிகட்டிய சக்கை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மூலிகை என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.